திறந்த வாயிலும் உடன்வரும் துணையும்

திறந்தநிலைக் கல்வி: ஒரு வரலாற்று நோக்கு

கல்வியைச் செல்வமென்று போற்றுவது தமிழ் மரபு. பிற செல்வங்கள் வழங்க வழங்கக் குறைவன. கல்வியோ வழங்க வழங்கப் பெருகுவது என்பதைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். ஆயினும், வழங்கினால் குறையாத அச்செல்வம் எல்லார்க்கும் வழங்கப்பட்ட காலம் என ஒன்று முன்னர் இருந்ததில்லை. பிறப்பு, பால், பொருள், ஊர், மொழி எனப் பல தாழ்கள் அதன் வாயிலில் இடப்பட்டிருந்தன. அத்தாழ்களை ஒவ்வொன்றாக நீக்க முயன்ற வரலாறே திறந்தநிலைக் கல்வியின் வரலாறு. உலகப் பெரும் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் பாடங்கள் இணையத்தின் வழியே கட்டணமின்றிக் கிடைக்கும் இக்காலத்தில் அவ்வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பது பயனுடையது. எந்தத் தாழ் நீங்கியது? எது இன்னும் இறுகிக் கிடக்கிறது? நீங்கிவிட்டதாக எண்ணியவற்றுள் எது மீண்டும் இடப்பட்டது? இம்மூன்று வினாக்களை முன்வைத்து இக்கட்டுரை அமைகிறது. மூன்றாம் வினா எழுத்தை வாழ்வாகக் கொண்ட நம்மை நேரே தொடுவது.

தேர்வு திறந்த காலம்

1840-இல் பிரிட்டனில் ஒரு பென்னிச் செலவில் நாடெங்கும் மடல் செல்லும் அஞ்சல்முறை வந்தது. சுருக்கெழுத்து முறையொன்றை வகுத்த ஐசக் பிட்மன் அதனைப் பயன்படுத்திக்கொண்டார். பாடத்தை அஞ்சலில் அனுப்பினார். மாணவர் எழுதியனுப்பிய பயிற்சிகளைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். அஞ்சல்வழிக் கல்வியின் தொடக்கங்களுள் ஒன்றாக இதனைக் கூறுவர். பாடம் போனது மட்டுமன்றித் திருத்தமும் திரும்பி வந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

1858-இல் லண்டன் பல்கலைக்கழகம் ஒரு பெரிய அடி எடுத்துவைத்தது. எங்கே பயின்றாலும், எவரிடம் பயின்றாலும், தனியே பயின்றாலும், தன் தேர்வை எழுதிப் பட்டம் பெறலாம் என்றது. பெண்களுக்கு அவ்வாயில் திறக்க மேலும் 20 ஆண்டுகள் ஆயின; 1878-இல்தான் அப்பல்கலைக்கழகத்தின் பட்டங்கள் அவர்களுக்கும் உரியவாயின. அதன் புறநிலைத் தேர்வு கடல் கடந்தும் பரவியது. கொழும்பில் 1921-இல் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942-இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்படும் வரை, லண்டன் தேர்வுகளுக்கே தன் மாணவரை ஆயத்தம் செய்தது.

இதனோடு ஒப்பவைத்து நோக்கத்தக்கது, 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பணி. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என அது நடத்திய தேர்வுகளுக்குத் தத்தம் ஊரிலிருந்தே கற்றுவந்து எழுதியவர் பலர். மட்டக்களப்பு மண்ணில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் மதுரைச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் பெற்றவர். லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் இளநிலைப் பட்டமும் பெற்றவர். இசைத்தமிழையும் இயற்பியலின் ஒலிநூலையும் ஒருங்கே ஆண்டு யாழ்நூல் படைத்த அப்பேரறிஞரின் கல்வியில் இவ்விரு திறந்த தேர்வுகளுக்கும் பங்குண்டு என்பது நாம் நினைந்து மகிழத்தக்கது.

ஆயினும் இக்காலத்தில் திறந்தது தேர்வு மட்டுமே. கற்பித்தல் திறக்கவில்லை. நூல் வாங்க வசதியுடையோரும் நல்லாசிரியர் வாய்த்தோரும் தேறினர்; ஏனையோர்க்கு வாயில் திறந்திருந்தும் வழி தெரியவில்லை.

வானலையில் வந்த பல்கலைக்கழகம்

கற்பித்தலையும் வீட்டு வாயிலுக்குக் கொண்டுவர வேண்டும் என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. 1963-இல் கிளாஸ்கோ நகரில் ஆற்றிய உரையில், பிரிட்டிஷ் தொழிற்கட்சித் தலைவர் ஹெரால்டு வில்சன் 'வானலைப் பல்கலைக்கழகம்' ஒன்றினை முன்மொழிந்தார். அதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஜென்னி லீ என்னும் அம்மையார். ஸ்காட்லாந்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள் அவர். ஏழைகளுக்கென்று தரம் தாழ்த்திய கல்வி கூடாது, முழுப் பல்கலைக்கழகமே வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். 1969-இல் அரச பட்டயம் பெற்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971 ஜனவரியில் ஏறத்தாழ 24,000 மாணவர்களுடன் பாடங்களைத் தொடங்கியது. முன்தகுதி எதுவும் கேட்கப்படவில்லை.

பி.பி.சி. தொலைக்காட்சியில் வந்த அதன் பாடங்களே பலர்க்கும் நினைவில் நிற்பன. ஆனால் அப்பல்கலைக்கழகத்தைத் தாங்கிய தூண் வேறு. ஒவ்வொரு மாணவர்க்கும் ஒரு பயிற்றாசிரியர் இருந்தார். அவர் கட்டுரைகளைத் திருத்தினார். அருகிலுள்ள மையத்தில் சந்தித்தார். கோடை விடுமுறையில் மாணவர் ஒரு வாரம் கூடித் தங்கிப் பயின்றனர். கட்டணமும் இருந்தது. 'திறந்தநிலை' என்பது 'இலவசம்' என்பதன் மறுபெயராக அன்று கருதப்படவில்லை.

இந்தியாவில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. 1982-இல் ஐதராபாத்தில் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றியது; அம்பேத்கர் பெயரை இன்று தாங்கியிருப்பது அதுவே. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. இவ்விரண்டின் முதல் துணைவேந்தரும் ஜி.ராம் ரெட்டியே. 1984-இல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் 'நாடு தழுவிய வகுப்பறை' என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. பேரளவில் ஆங்கிலத்திலேயே அமைந்திருந்த அது, பேசிய மொழியைப் புரிந்துகொண்டோர்க்கே வகுப்பறையாயிற்று.

பாடம் திறந்த காலம்

இணையம் வந்தபோது பாடத்தைப் படியெடுக்கும் செலவும் அனுப்பும் செலவும் மிகச் சுருங்கின. அமெரிக்காவின் மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் இணையத்தில் தன் இடம் யாது என்று ஆராய ஒரு குழுவை அமைத்தது. பாடங்களை விற்றுப் பொருளீட்டும் வழிகளையும் அக்குழு எண்ணிப் பார்த்தது. இறுதியில் அது கூறிய முடிவு, கொடுத்துவிடுவோம் என்பது! 2001 ஏப்ரலில் கழகத் தலைவர் சார்லஸ் வெஸ்ட் அதனை அறிவித்தார். 2002-இல் 50 பாடங்களுடன் தொடங்கிய அம்முயற்சி, 2007-க்குள் ஏறத்தாழ 1,800 பாடங்களின் குறிப்புகளையும் வினாத்தாள்களையும் பயிற்சிகளையும் உலகின்முன் வைத்தது. பட்டம் இல்லை, ஆசிரியரை அணுகும் வழியும் இல்லை. கொடுத்தது பாடப்பொருள் மட்டுமே என்று அக்கழகம் வெளிப்படையாகச் சொன்னது.

2002-இல் யுனெஸ்கோ கூட்டிய கூட்டத்தில் 'திறந்த கல்வி வளங்கள்' என்னும் பெயர் பிறந்தது. அதே ஆண்டில் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு தன் உரிமங்களை வெளியிட்டது. படைத்தவர் பெயரை மறைக்காமல் எவரும் எடுத்தாளலாம், படியெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம் என்று ஆசிரியரே முன்கூட்டி இசைவளிக்கும் முறை இது. 'திறந்த' என்னும் சொல்லுக்கு இங்கே புதிய ஆழம் வந்தது. பணமின்றிப் படிக்கலாம் என்பது ஒரு பொருள். எடுத்து வைத்துக்கொள்ளலாம், நம் மொழிக்கு மாற்றலாம், நம் மாணவர்க்கேற்பத் திருத்தலாம் என்பது மற்றொரு பொருள். முன்னது விருந்தினரின் உரிமை. பின்னது வீட்டுக்காரரின் உரிமை. இவ்வேறுபாட்டை மறந்ததனால் நேர்ந்த இழப்பைப் பின்னர்க் காண்போம்.

பெருந்திரள் வந்த காலம்

2008-இல் கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமன்ஸ், ஸ்டீபன் டௌன்ஸ் இருவரும் நடத்திய பாடத்தில் கட்டணம் செலுத்தியவர் 25 பேர். கட்டணமின்றி இணையத்தில் சேர்ந்தவர் 2,000-க்கும் மேற்பட்டோர். 'மூக்' என்று சுருங்கிய பெருந்திரள் திறந்த இணையவழிப் பாடம் என்னும் பெயர் அப்போது தோன்றியதே. 2011-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செபாஸ்டியன் த்ருன், பீட்டர் நார்விக் ஆகியோரின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் ஏறத்தாழ 1,60,000 பேர் பெயர் பதிந்தபோது உலகம் வியந்தது. அடுத்த ஆண்டில் யுடாசிட்டி, கோர்செரா, எட்எக்ஸ் என மூன்று மேடைகள் எழுந்தன. மாசாச்சூசெட்ஸ் கழகமும் ஹார்வர்டும் சேர்ந்து இலாபநோக்கின்றி நிறுவிய எட்எக்ஸ் மேடையின் தலைவராக அமர்ந்த அனந்த் அகர்வால், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர்.

அவர் நடத்திய முதல் மின்சுற்றுப் பாடத்தில் ஏறத்தாழ 1,55,000 பேர் சேர்ந்தனர். தேறியவர் 7,157 பேர். முழு மதிப்பெண் பெற்றோருள் மங்கோலியாவைச் சேர்ந்த 15 வயது மாணவர் ஒருவரும் இருந்தார். அச்சிறுவரைப் பற்றி உலகெங்கும் எழுதினர். தக்கதே. எங்கோ ஒரு மூலையில் ஒளிந்திருந்த திறனை இவ்வாயில் வெளிக்கொணர்ந்தது. அவருக்குப் பள்ளியில் ஊக்கமளித்த தலைமையாசிரியர் ஒருவர் மாசாச்சூசெட்ஸ் கழகத்தில் பயின்று வந்தவர் என்பதைத்தான் பலரும் எடுத்துரைக்கவில்லை. அங்கும் ஒரு துணை இருந்தது.

கற்றவர் யார்?

ஆரவாரம் அடங்கியபின் கணக்குகள் வெளிவந்தன. 2012, 2013 ஆண்டுகளில் ஹார்வர்டும் மாசாச்சூசெட்ஸ் கழகமும் நடத்திய முதல் 17 பாடங்களில் 8,41,687 பதிவுகள்; சான்றிதழ் பெற்றவை 43,196. நூற்றுக்கு ஐந்து எனலாம். பாதியில் நின்றோர் எல்லாரையும் தோற்றோர் என்று கொள்ளுதல் முறையன்று. ஒரு நூலில் வேண்டிய இயலை மட்டும் படித்து மூடிவைப்பவரைப் போன்றோர் அவருள் பலர். மனத்தை உறுத்தும் செய்தி வேறு. கோர்செரா மேடையில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் நடத்திய பாடங்களின் மாணவரை 2013-இல் ஆராய்ந்தபோது, விடையளித்தவருள் ஐந்தில் நால்வர்க்கு மேல் முன்னரே பட்டம் பெற்றவராக இருந்தனர். உடையவர்க்கே மேலும் ஊற்றிய கிணறாக அது அமைந்தது.

இல்லாதவரை எண்ணி எடுத்த முயற்சியும் இடறியது. 2013-இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் யுடாசிட்டியோடு சேர்ந்து அடிப்படைக் கணிதம் முதலிய மூன்று பாடங்களை நடத்தியது. முதற்பருவத்தில் தேர்ச்சி வீதம் வகுப்பறை மாணவரினும் மிகத் தாழ்ந்தது. அவ்வாண்டு ஜூலையில் முயற்சி நிறுத்தி வைக்கப்பட்டது. அதே பல்கலைக்கழகத்தின் மெய்யியல் துறையினர், ஹார்வர்டுப் பேராசிரியர் மைக்கேல் சாண்டலின் பதிவுசெய்த உரைகளைத் தம் வகுப்பில் பயன்படுத்த மறுத்துத் திறந்த மடல் எழுதினர். செல்வர் பிள்ளைகளுக்கு ஆசிரியரும் ஏனையோர்க்கு ஆசிரியரின் படமும் என்னும் நிலை வந்துவிடுமோ என்பது அவர்தம் அச்சம். அவ்வச்சத்தைப் புறந்தள்ளுவதற்கில்லை.

ஒரு கவிதைப் பாடம்

இவ்வரலாற்றில் கவிஞர்கள் கருதத்தக்க ஒரு விதிவிலக்கு உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆல் ஃபில்ரைஸ் 2012 செப்டம்பரில் தற்கால அமெரிக்கக் கவிதை பற்றிய பாடமொன்றைக் கோர்செராவில் தொடங்கினார். 'மாட்போ' என்று அன்பர்கள் அதனைச் சுருக்கி அழைப்பர். முதலாண்டிலேயே 36,000 பேருக்கு மேல் சேர்ந்தனர். எமிலி டிக்கின்சன், வால்ட் விட்மன் இருவரிலிருந்து தொடங்கி, எளிதில் பிடிபடாத சோதனைக் கவிதைகள் வரை அது செல்கிறது.

அதன் ஒளிப்பதிவுகளில் மேடைப் பேச்சு இல்லை. ஃபிலடெல்ஃபியாவில் 'கெல்லி எழுத்தாளர் இல்லம்' என்னும் பழைய வீட்டின் மேசையைச் சுற்றி இளைஞர் சிலரும் ஆசிரியரும் அமர்ந்து, ஒரு கவிதையைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பேசுகின்றனர்; ஒருவர் கூறியதை மற்றொருவர் மறுக்கின்றார்; ஆசிரியரும் சில இடங்களில் விடை காணாது நிற்கின்றார். மாணவர் எழுதும் கட்டுரைகளை மாணவரே படித்துக் கருத்துரைக்கின்றனர். எழுப்பும் ஐயங்களுக்கு உதவியாசிரியர் குழு விடையிறுக்கிறது. பாடத்தினிடையே நேரலையில் கூடுகின்றனர். பல ஊர்களில் மாணவர் தாமே சிறு குழுக்களாகச் சந்தித்தனர். ஆண்டுதோறும் அது தொடர்ந்து நடந்துவந்தது, கட்டணம் கேட்கவில்லை. நம் மாதக் கூட்டங்களில் ஒரு கவிதையை நடுவில் வைத்துப் பேசும் முறைக்கு எவ்வளவு நெருங்கியது இது! கருவியால் அதற்குச் சிறப்பு வந்ததன்று. பிறர் அரங்கத்தைப் பெரிதாக்கினர். ஃபில்ரைஸ் மேசையைப் பெரிதாக்கினார்.

மீண்டும் விழுந்த தாழ்

இனி மூன்றாம் வினாவுக்கு வருவோம். மேடைகளை நடத்தப் பொருள் வேண்டும். முதலில் சான்றிதழுக்குக் கட்டணம் வந்தது. பின்னர் பல பாடங்களில் மதிப்பிடும் பயிற்சிகளுக்கும் வந்தது. 2016-இல் கோர்செரா தன் பழைய மேடையை மூடியபோது, அதிலிருந்த பாடங்கள் பல பார்வையினின்று மறைந்தன. தன்னார்வலர் சிலர் அவசரமாகப் படியெடுத்துக் காக்க வேண்டியதாயிற்று. 2021-இல் எட்எக்ஸ் மேடை 80 கோடி டாலருக்கு 2யு என்னும் வணிக நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. 2024 ஜூலையில் அந்நிறுவனம் கடன்சுமையால் திவால் சட்டத்தின் காப்பை நாடியது. யுடாசிட்டியும் அதே ஆண்டில் கைமாறியது. எட்எக்ஸை இயக்கிய மென்பொருள் மட்டும் திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டிருந்தமையால் எவரும் எடுத்தாளும் பொதுச் சொத்தாக நிலைத்தது. மாசாச்சூசெட்ஸ் கழகம் 2001-இல் அறிவித்த பாடக்களஞ்சியமும் அவ்வாறே நிலைபெற்றுள்ளது. விருந்தினர் உரிமையும் வீட்டுக்காரர் உரிமையும் வேறு என்று முன்னர்க் கூறியதன் பொருள் இப்போது விளங்கும்.

இன்னொரு நிகழ்ச்சி நெஞ்சை இருபுறமும் இழுப்பது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் தன் வகுப்புரைகளை ஆண்டுக்கணக்கில் இலவசமாக வெளியிட்டு வந்தது. அவற்றுள் பலவற்றிற்கு எழுத்துரை இல்லாமையால் செவிப்புலன் இழந்தோர் பயன்கொள்ள இயலவில்லை. முறையீட்டை ஆராய்ந்த அமெரிக்க நீதித்துறை 2016-இல் இது சட்டத்திற்கு மாறானது என்றது. எழுத்துரை சேர்க்கும் செலவைக் காரணங்காட்டி 2017-இல் பல்கலைக்கழகம் 20,000-க்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுப்பார்வையினின்று விலக்கியது. முறையிட்டோர் கேட்டது திறப்பை; கிடைத்தது அடைப்பு. எல்லார்க்கும் என்று சொல்லும்போது எவர் விடுபட்டார் என்று தொடக்கத்திலேயே எண்ணாவிட்டால், பின்னர் எண்ணும் செலவு எல்லார்மீதும் விழும் என்பதற்கு இது சான்று.

தமிழ் நிலத்தில்

திறந்தநிலைக் கல்வியின் வரலாற்றில் தமிழர்க்குப் பெருமை தரும் பக்கங்கள் உள. அவற்றுள் முதன்மையானது ஒரு கவிஞரோடு தொடர்புடையது. 'குலோத்துங்கன்' என்னும் பெயரில் கவிதை படைத்த வா.செ.குழந்தைசாமி, நீரியல் அறிஞர். 1990 முதல் 1994 வரை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் விளைவாக, 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அதன் நிறுவனத் தலைவராக அமைந்தவரும் அவரே. மாசாச்சூசெட்ஸ் கழகத்தின் அறிவிப்புக்கு இரு மாதம் முந்தியது இது! மழலைக் கல்வி முதல் இளநிலைப் பட்டம் வரையிலான பாடங்களும், உரைகளோடு கூடிய இலக்கிய நூல்களைக் கொண்ட மின்னூலகமும் அதன் பணிகள். இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில் அது இயங்குகிறது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005 முதல் ஈழத்து நூல்களைக் காத்துவரும் நூலகம் திட்டமும் தன்னார்வலர் உழைப்பால் எழுந்தவை. பாடசாலை என்று பெயர் சூட்டிக்கொள்ளாத பாடசாலைகள் அவை.

ஐ.ஐ.டி.கள் ஏழும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தைச் சென்னை ஐ.ஐ.டி. முன்னின்று நடத்துகிறது. பாடம் இலவசம், விரும்புவோர் கட்டணம் செலுத்தி நேரில் தேர்வு எழுதலாம். கல்லூரிகளில் உள்ளூர்க் கிளைகளும் வழிகாட்டும் ஆசிரியர்களும் அமைந்திருப்பது அதன் வலிமை. 2017-இல் நடுவண் அரசின் 'ஸ்வயம்' மேடையும் வந்தது. எனினும் பொறியியலையும் அறிவியலையும் தமிழிலேயே தொடக்கமுதல் எண்ணி அமைத்த பாடங்கள் இன்னும் அரிதே. மொழித் தாழ் இறுகியே கிடக்கிறது.

2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, முந்தைய ஆண்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி தமிழ்நாட்டு மாணவர்க்குக் கைகொடுத்தது. பாடங்கள் வீடுதோறும் வந்தன; கற்றல் இடைவெளியும் வளர்ந்தது. அதனை நிரப்ப 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய திட்டத்தின் பெயர் 'இல்லம் தேடிக் கல்வி'. அலைவரிசையால் ஆகாததை, மாலைதோறும் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்த தன்னார்வலர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஆற்றப் புகுந்தனர். பிட்மன் காலத்திலிருந்து நாம் கண்டுவரும் உண்மையே இங்கும் வெளிப்பட்டது. பாடம் தனியே செல்லும். கல்வி துணையோடுதான் செல்லும்.

நம் கடன்

1949-இல் பாரதியின் படைப்புரிமையை அரசு பெற்றுப் பின்னர் மக்களுக்கு ஆக்கியது. அதன்பின் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமையாயின. ஆதலின் இணையத்தில் தமிழ் பயிலும் மாணவர்க்குச் சங்கப் பாடலும் பாரதியும் பாரதிதாசனும் எளிதில் கிட்டுகின்றனர். வாழும் கவிஞர்கள் கிட்டுவதில்லை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கிறது. கற்பித்தலுக்குச் சில விலக்குகள் உண்டு. பாடத்தொகுப்புகளுக்காக நூற்பகுதிகளைப் படியெடுப்பது குறித்த டெல்லிப் பல்கலைக்கழக வழக்கில் 2016-இல் உயர்நீதிமன்றம் மாணவர் பக்கமே நின்றது. எனினும் ஒரு திறந்த பாடத்தை அமைப்பவர் ஐயத்திற்கிடமான கவிதையைத் தொடவே அஞ்சுவர். விளைவாக, இற்றைக் கவிதை திறந்த பாடங்களில் எளிதில் இடம்பெறுவதில்லை.

கவிஞர் தம் உழைப்பை எல்லாம் இலவசமாக்க வேண்டும் என்று சொல்வது அறமன்று. நூல் விற்றுவரும் சிறுதொகையும் பலர்க்கு இன்றியமையாதது. ஆயினும் ஒவ்வொருவரும் தாம் விரும்பும் ஐந்து கவிதைகளை, தம் பெயர் நிலைக்குமாறு, கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் உரிமம் எழுதித் தரலாம். பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை பேசிவரும் நம் வட்டம், இனி வரும் கூட்டங்களைப் பதிவு செய்யலாம். செவிப்புலன் இல்லாதோர்க்கும் பயன்படுமாறு எழுத்துரையும் சேர்க்கலாம். அதனினும் முதன்மையானது ஒன்று: தொலைவிலிருந்து கவிதை எழுதியனுப்பும் இளைஞர்க்குத் திருத்தமும் கருத்தும் எழுதியனுப்ப, உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒருவரை ஏற்றுக்கொள்ளலாம். செலவு ஓர் அஞ்சல் அட்டை. அல்லது மின்னஞ்சல் ஒன்று.

வாயில்களைத் திறக்கும் ஆற்றல் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுகளுக்கும் உரியது. உள்ளே வந்தவரை உடனழைத்துச் செல்லும் பணிக்குப் பெருநிதி வேண்டுவதில்லை. அமர்ந்து படிக்கும் பொறுமையுடைய மனிதர் வேண்டும். அத்தகையோர் இவ்வட்டத்தில் பலர் உள்ளனர். அடுத்த பத்தாண்டுகள் அவர்தம் பணியால் சிறக்கட்டும்.